நாலு மணிக்குப் பிறகு எழுதிய கணக்கு

தியாகதுருகத்தில் ஒரு தானிய மண்டியில் 31 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு வயது 57. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டி சாத்தியிருந்த நேரத்தில் சாவியை வாங்கிக்கொண்டு போய், அந்தப் பருவத்துச் சிட்டைகளை எல்லாம் மேசைமேல் பரப்பினேன். நான் அடித்துத் திருத்திய இடங்களைத் தேடித் தேடிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். எங்கள் மின்னணுத் தராசு அச்சடித்துத் தரும் எடைச் சீட்டில் நேரமும் இருக்கும். சீட்டையும் சிட்டையையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் எழுதிய பக்கங்களில் அடித்தல் அரிதாக இருந்தது. நாலு மணிக்குப் பிறகு எழுதிய பக்கங்கள் சிவந்து கிடந்தன.

என்னை அந்த வேலைக்கு உட்கார வைத்தவர், கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து மக்காச்சோளம் கொண்டுவந்த ஒரு விவசாயி. அவருடைய 43 மூட்டையை நான் 34 என்று எழுதியிருந்தேன். வங்கியில் பணம் ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து பஸ் ஏறி வந்து, குரலைக்கூட உயர்த்தாமல், "கணக்கரே, ஒம்போது மூட்டை கொறையுதுங்களே" என்றார். நின்ற இடத்திலேயே சரிசெய்து கொடுத்தோம். அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையெழுத்தை நம்பித்தான் எத்தனையோ பேர் இந்த மண்டிக்கு வண்டி கட்டியிருக்கிறார்கள்.

அந்த எண்களை இடம் மாற்றிப் போட வைத்தது என் முதுகு. 2009 வாக்கில் தொடங்கிய வலி. மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் இடுப்புக்கு மேலே கையகலத்துக்குப் பிடித்துக்கொள்ளும். மூன்று மணிக்கு மேல் இடது தொடை வழியாகச் சுண்டி இழுத்துக்கொண்டு இறங்கும். நாலு மணி ஆகிவிட்டால் ஒரு கையை மேசையில் ஊன்றி, உடம்புப் பாரத்தில் பாதியை அந்தக் கைக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் எழுதுவேன். மனசில் பாதி எண்ணில் இருக்கும். மீதி, எப்போது எழுந்து நிற்கலாம் என்பதில் இருக்கும். வருகைப் பதிவேட்டில் அன்றும் நான் வேலைக்கு வந்தவன்தான். விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் கழியும், அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். வலியோடு வந்து உட்கார்ந்து அரைகுறையாக வேலை பார்த்தால் அது யார் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இப்படி எழுதப்படாமல் போகும் நஷ்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வயசாகிவிட்டால் ஆள் மந்தமாகிவிடுகிறார் என்று பல முதலாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மந்தமானது வயதாலா, அந்த வேலை அமைந்திருக்கும் விதத்தாலா என்று ஒருமுறை நின்று பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நானாவது உட்கார்ந்து எழுதுகிறவன். வாசலில் நிற்கும் லோடுமேன்களைப் பாருங்கள். எங்கள் மண்டியில் ஆறு பேர். மூத்தவருக்கு 61 வயது. எல்லாரிலும் இளையவருக்கே 44. இளம்பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் தானியத்துக்கு விலை சொல்வதே மூட்டைக் கணக்கில்தான். நெல் என்றால் 75 கிலோ. மணிலாவும் எள்ளும் 80 கிலோ. உளுந்தும் மக்காச்சோளமும் 100 கிலோ. இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட, ஒருவர் குனிந்து முதுகில் வாங்குவார். வாங்குகிற அந்த நொடியில் முழங்கால் ஒருமுறை நடுங்கி, பிறகு நிமிரும். அப்படியே பலகைமேல் ஏறி லாரிக்குள் போய் அட்டி போட வேண்டும். மக்காச்சோளம் குவிகிற நாட்களில் இது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை நடக்கும்.

அந்த மூத்தவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சாக்குக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு வெயில் காட்டணும் தம்பி" என்பார். ஈரப்பதம் பார்க்கிற மெஷினை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் வரும். அவர் போட்ட அட்டி, மழைக்காலம் முழுக்க நின்றாலும் ஒரு விரல் சாயாது. எந்த வியாபாரியின் சரக்கு எந்த மூலையில் கிடக்கிறது என்பது என் கம்ப்யூட்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். இப்போது காலையில் பத்துப் பதினைந்து மூட்டை வரை அவர் பழைய ஆள். அதற்குப் பிறகு இரண்டு நடைக்கு ஒருமுறை சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறார். கூட இருப்பவர்கள் அவர் பங்கையும் சேர்த்துத் தூக்குகிறார்கள். சாயங்காலம் கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த மனசு பெரியது. ஆனால் அவர்களில் இன்னும் மூன்று பேருக்கு இடுப்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது. யார் பங்கை யார் தூக்குவது?

அண்ணனுக்கு 60 முடிந்ததும் நலவாரிய ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் வருகிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அமைப்புசாராத் தொழிலாளிக்கு ஓய்வு வயது என்ற ஒன்றே கிடையாது. முதுகு எப்போது சொல்கிறதோ அப்போதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு இருந்தார்கள். 2050-இல் 84.3 கோடி ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த வலி உள்ளவர்கள் அதிகமாக இருப்பது 50 முதல் 55 வயதுக்குள். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். தொழில் முழுசாகக் கைவந்துவிட்ட வயது அது. அண்ணனுடைய பல்லுக்கு ஈரம் தெரிகிற வயது. அந்த வயதில் ஒரு ஆளை இழந்தால் மண்டி இழப்பது இரண்டு கைகளை மட்டும் இல்லை.

வலி வந்ததும் நானும் எல்லோரையும்போல அலைந்தேன். பெல்ட் வாங்கிக் கட்டினேன். படுக்கப்போட்டு இடுப்பை இழுக்கிற சிகிச்சைக்குப் பத்து நாள் போனேன். வலி மாத்திரையை மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கி விழுங்கி, வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டேன். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "ஜவ்வு பிதுங்கியிருக்கு, இனிமே குனியவே கூடாது, மூணு வாரம் படுத்தே இருங்க" என்றார்கள். படுத்தேன். மூன்று வாரம் கழித்து எழுந்தபோது காலைத் தரையில் வைக்கவே பயமாக இருந்தது. வலி முடக்கியதைவிட அந்தப் பயம் என்னை அதிகம் முடக்கியது.

அப்போது யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. 50 வயதில், எந்த வலியும் இல்லாத நூறு பேரை எடுத்துக்கொண்டால் 80 பேருக்கு ஜவ்வு தேய்ந்திருக்கிறது, 60 பேருக்குப் பிதுங்கியிருக்கிறது. தலை நரைப்பதுபோல உள்ளேயும் நரைக்கிறது, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். வலியைப் பற்றிச் சரியாக எடுத்துச்சொல்வது, உடற்பயிற்சி, மனத்துக்கான ஆலோசனை இவற்றைத்தான் முன்னால் வைக்கிறார்கள். (கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.)

என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பியவர் அரசு மருத்துவமனையில் இருந்த ஓர் இயன்முறை மருத்துவர். என் மகள் வயதுதான் இருக்கும். "ஐயா, உங்க முதுகு ஒடிஞ்சுடாது. நடங்க. முதல்ல பத்து நிமிஷம்" என்றார். அன்றிலிருந்து விடியற்காலையில் மலைக்கோட்டை அடிவாரத்தை ஒட்டி நடக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. வழிகாட்டுதலோடு நடந்து பழகியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது. அந்தப் பயிற்சி தரப்படாதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது.

நடந்ததில் என் காலைப் பொழுது சரியானது. நாலு மணி சரியாகவில்லை. கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் எட்டு மணி நேரம் கூனிக்கொண்டு உட்கார்ந்தால், காலையில் நடந்த நடை மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துபோகிறது. மருந்தும் பயிற்சியும் ஆளைச் சரிசெய்யும். வேலை நடக்கிற இடத்தைச் சரிசெய்ய வேண்டியவர் வேறு ஒருவர்.

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஆலை ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனம் சென்னைக்கு அருகில் கார் ஆலை தொடங்கிய அதே 2007-இல், அங்கே 42 பேர் வேலை செய்யும் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவர்களைக் கூடுதலாகச் சேர்த்துச் சராசரி வயதை 47 ஆக்கினார்கள். பிறகு அவர்களிடமே போய், எங்கே வலிக்கிறது, எதை மாற்றலாம் என்று கேட்டார்கள். 70 மாற்றங்கள் வந்தன. எல்லாமே சின்னச் சின்ன மாற்றங்கள். தரைக்கு மரப்பலகை, ஏற்றி இறக்கும் மேசை, முடிதிருத்தும் கடையில் இருப்பதுபோன்ற நாற்காலி, பொடி எழுத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, தினமும் சில நிமிடம் உடம்பை நீட்டி மடக்க நேரம். மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஒரே ஆண்டில் அந்தப் பிரிவின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. எனக்கு இதில் பிடித்தது பணக்கணக்கு இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டார்களே, அதுதான். 31 ஆண்டுகளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டதில்லை.

போன மாசியில் கேட்டேன். கூட்டி அள்ளுகிற அக்காதான் முதலில் வாய் திறந்தார். "வெளக்குமாறு முழங்கால் உசரம்கூட இல்ல. நாள் பூரா மடிஞ்சே கெடக்கறேன்" என்றார். சிந்திய தானியத்தைக் கூட்டுவதும் அள்ளுவதும் புடைப்பதும் அவர் வேலை. வயது 55. மறுநாள் துடைப்பத்தை மார்பு உயரக் கழியில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தோம். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டுகள் ஏன் இதைச் செய்யவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் குட்டையான கைப்பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்து, காலம் காலமாக நாளெல்லாம் குனிய வைத்திருந்தார்கள். நீளக் கைப்பிடி வந்தால் பயிர் பாழாகும் என்று பண்ணைக்காரர்கள் வாதாடினார்கள். 1975-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி அந்தக் குட்டைக் கொத்து தடைசெய்யப்பட்டது. பயிர் பாழாகவில்லை.

எனக்கும் ஒரு மாற்றம் நடந்தது. மேசைக்கு அடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்தி, முதுகு சாய்க்கிற மர நாற்காலி போட்டுக்கொண்டேன். மணிக்கொருமுறை எழுந்து தராசு வரை போய் எடைச் சீட்டை நானே வாங்கிவருகிறேன். முன்பு பையன் கொண்டுவந்து தருவான். கூட்டல்களை இப்போது காலையில் முடித்துவிடுகிறேன்; சாயங்காலத்துக்குப் போன் பேசுகிற வேலையை ஒதுக்கியிருக்கிறேன், அதை நின்றுகொண்டே செய்யலாம். சித்திரையிலிருந்து எழுதிய சிட்டையில் நாலு மணிக்குப் பிறகான அடித்தல்கள் குறைந்திருக்கின்றன. வலி போய்விடவில்லை. இருக்கிறது, வேலையையும் செய்கிறேன்.

மூட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் கையால் சுமை தூக்குவது பற்றி ஓர் உடன்படிக்கையும் கூடவே ஒரு பரிந்துரையும் கொண்டுவந்தது. வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ குறைக்க வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை. நம்மால் ஆகாத காரியமா இது? அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைதான். சிமென்ட் 50 கிலோ. யூரியா 50 கிலோவாக இருந்து, 2018 மார்ச் முதல் 45 கிலோ ஆனது. உரம் அதிகமாகப் போடுவதைக் குறைக்க எடுத்த முடிவு அது. தூக்குகிறவர்களை நினைத்து எடுத்ததில்லை. ஆனாலும் ஓர் உத்தரவில் நாடு முழுக்க மூட்டை சிறுத்தது. ஒரே வயலில் விளைந்த நெல், கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 40 கிலோ, எங்களிடம் வந்தால் 75 கிலோ. தூக்குகிற முதுகு ஒன்றுதான்.

முதலாளியிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "நம்ம மட்டும் 50 கிலோ பிடிச்சா ஒரு மூட்டைக்கு ரெண்டு சாக்கு ஆகுதுய்யா. வாங்குற மில்லுல சாக்குக்குன்னு கழிவு புடிப்பான். பக்கத்து மண்டி 100 கிலோதான் புடிக்கும். நான் மட்டும் என்ன பண்றது?" என்றார். அவர் சொல்வது நியாயம். ஒரு மண்டி தனியாக மாற முடியாது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் தனியார் மண்டிகளிலும் எந்தத் தானியமானாலும் மூட்டை 50 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அரசு ஓர் உத்தரவு போடட்டும். விலையைக் குவிண்டாலுக்குச் சொல்லிக்கொள்ளலாம். வியாபாரம் எதுவும் நின்றுவிடாது.

எதிர்ப்பு வேறு ஒரு பக்கமிருந்தும் வந்தது. லோடுமேன்களே தயங்கினார்கள். கூலி மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. மூட்டை பாதியானால் கூலியும் பாதி என்பார்கள். நடை இரண்டு மடங்காகும். அவர்கள் பயம் சரியானது. எடை குறைப்போடு கூலியை டன் கணக்குக்கு மாற்றாவிட்டால் இந்தச் சீர்திருத்தம் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகிவிடும். ஏற்றி இறக்கக் கூடுதல் நேரம் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. லாரிக்காரர் அரை மணி நேரம் கூடக் காத்திருக்க வேண்டிவரலாம். இப்போது மதியத்துக்கு மேல் ஆறு பேரில் நாலு பேர் சுவரில் சாய்ந்து நிற்பதால் அவர் காத்திருக்கத்தான் செய்கிறார்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு வீட்டிலேயே எனக்குச் சாட்சி உண்டு. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று ஆக்கியது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் என் தங்கைக்கு வயது 50. கடைக்கு ஸ்டூல் வந்தது. அது மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. "உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாக்குறாருண்ணா" என்கிறாள். ராத்திரி வந்ததும் கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறாள்.

இன்னொன்றும் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில், இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. எங்கள் தெருவில் படுத்துவிட்ட பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 2024-இல் வந்த தொழிலாளரைத் தேடி மருத்துவத்தில் வேலையிடத்துக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்து, மண்டிக்கும் அரிசி ஆலைக்கும் மாதம் ஒரு காலை அந்த இயன்முறை மருத்துவரை அனுப்பட்டும். படுத்த பிறகு வருவதைவிட, சுவரில் சாய ஆரம்பித்தபோதே வரட்டும். எனக்குக் கிடைத்த "ஒடிஞ்சுடாது, நடங்க" என்ற சொல் அண்ணனுக்கும் கிடைக்கட்டும்.

நான் எழுதிக்கொண்டிருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"பேப்பருக்கு எழுதுறியாமே தம்பி. அரை மூட்டைன்னா நான் இன்னும் அஞ்சு வருஷம் தூக்குவேன். ஆனா கூலி டன்னுக்குன்னு மறக்காம போடு."